எண் பதினான்கு

க்ராக்கோவில் பிப்ரவரி.
ட்ராம் கம்பிகளில் பனி உறைந்து கிடக்க
அடித்தள ஆய்வகத்தில் போக்னா
கறுப்பு நாடாவை மறுபடியும் பல்லால் கிழிக்கிறாள்.
எங்கோ ஒரு மயிரிழை வழியே வெளிச்சம் கசிகிறது.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பிளாஸ்டிக் பட்டைகள்.
ஒவ்வொன்றுக்கும் வெள்ளித்தாளில் உள்ளாடை,
கறுப்புத்தாளில் மேலாடை.
பீப்பாயின் பலகைகள் போல வட்டமாய் நிற்கின்றன,
நடுவே ஓர் ஆள் படுக்குமளவு வெறுமை.

முழு இருட்டிலும் கருவி எண்ணுகிறது.
உள்ளே யாரும் இல்லை.
அறையின் சூடு போதும், சிலிக்கான் பிதற்றத் தொடங்கிவிடும்
வினாடிக்கு இத்தனை லட்சம் என்று.
தூக்கத்தில் பேசுகிறவரின் பக்கத்தில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்:
எது பேச்சு, எது பிதற்றல் என்று பிரிப்பது
ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான வேலை.

நான்கு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறாள்.
சலிக்கிறாள்.
சலித்ததை இன்னும் பொடிக் கண்ணுள்ள சல்லடையில் சலிக்கிறாள்.
சலிப்பு வந்தால் மாடியேறி
தெருமுனை வண்டியில் கசகசா தூவிய வளைய ரொட்டி ஒன்று.
திரும்பி வந்து சலிக்கிறாள்.

சர்க்கரைக்குள் ஒளித்து அனுப்பிய ஃபுளூரின்
பசித்த செல்லைத் தேடிப் போய் உட்காரும்.
உடைந்து ஒரு பாசிட்ரானை வெளியே தள்ளும்.
அதற்கு ஆயுசு ஒரு மில்லிமீட்டர்;
எதிர்ப்பட்ட எலக்ட்ரானோடு சேர்ந்து
இரண்டும் இல்லாமல் போகும்.
இல்லாமல் போன இடத்திலிருந்து
முதுகோடு முதுகாய்ப் பிரிந்து ஓடும் இரண்டு காமாக்கள்.
இரண்டும் ஒரே நேரத்தில் பட்டைகளைத் தட்டினால் மெய்.
ஒன்று மட்டும் தட்டினால் கணக்கில் இல்லை.
'ஒரே நேரம்' என்பது எத்தனை நானோநொடி என்று
அவளும் செசாரியும் ஏழு மாதம் சண்டை போட்டார்கள்.
மூன்றாம் அத்தியாயம் அந்தச் சண்டைதான், கண்ணியமான மொழியில்.

சரக்கு வேனில் வரும்.
நூற்றுப்பத்து நிமிடத்துக்கொருமுறை பாதியாகும் சரக்கு.
ஓட்டுநர் டோபியாஷ் பனியையும் சிவப்பு விளக்கையும் திட்டிக்கொண்டே
கையெழுத்து வாங்குவார்:
"ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியிருந்தால்கூட
இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது."

எண் பதினான்கு.
பெண். அறுபத்தொரு கிலோ. ஊசி போட்டது 10:42.
பெயர் இல்லை. ஒப்பந்தப்படி இருக்கக் கூடாது.
கல்லீரலின் விளிம்பில்
உடைந்த அரிசியளவு ஓர் ஒளி.

மருத்துவமனையின் பழைய கருவி எடுத்த படத்தில் அது இல்லை.
சல்லடையை ஒரு சுற்று இறுக்கினால் மறைகிறது.
தளர்த்தினால் வருகிறது,
கூடவே யாருடையதும் அல்லாத நாற்பது புள்ளிகளைக் கூட்டிக்கொண்டு.
மெய்யிலிருந்து வந்ததா? மெய்தானா?
இறுக்கிய படம்தான் அழகு.
ஐந்தாம் அத்தியாயத்துக்கு அதைத்தான் வைத்திருந்தாள்,
அச்சுக்குப் போக ஒன்பது நாள்.

"ஒரே ஒரு புள்ளி," என்றான் செசாரி,
கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி.
"படம் சுத்தமாக இருக்கிறது. விடு."
தேநீர்க் கோப்பையை அவள் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனான்.

சுத்தம்.
நான்கு ஆண்டுகளாக இந்தச் சொல்லுக்காகத்தான் உழைத்தாள்.
இதுவரை துடைத்து எறிந்ததில் எத்தனை அரிசி?
கணக்குப் போட முடியாது.
எறிந்ததை யாரும் சேமித்து வைப்பதில்லை, வட்டில் இடம் போதாது.

இரவு எட்டரைக்கு ஹல்ஷ்காவை அழைத்தாள்,
ஊசி போடும் செவிலி, வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றவளை.
"பதினான்கு யார்?"
"தெரிந்தாலும் சொல்ல முடியாது. உனக்கே தெரியும்."
"தெரியும். எனக்கும் நிச்சயமில்லை. பிதற்றலாகக்கூட இருக்கலாம்."
காற்று. ஒரு பேருந்து வந்து, அவளை ஏற்றாமல் போகும் சத்தம்.
பிறகு ஹல்ஷ்கா கேட்டாள்:
"எந்தப் பக்கம்?"

"வலது. கல்லீரலின் கீழ் விளிம்பு."

பேனா தாளில் உரசியதுபோல ஏதோ கேட்டது.
வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.
பீப்பாய்க்குப் பக்கத்தில், விளக்கணைத்த அறையில்,
காதோடு ஒட்டிய பேசியை எடுக்காமல்
சலிக்காமல் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.